அரண்மனைக் கம்பியில் தொங்கிய மஞ்சள் பை

இரண்டு வருடங்களுக்கு முன்பு, ஜூன் மாதத்தில் ஒரு காலைப்பொழுது. லண்டனில் மோர்டன் பக்கம் குடியிருக்கும் மகள் வீட்டுக்கு நானும் என் கணவரும் போயிருந்தோம். மறுநாள் மதியம் ஊர் திரும்ப விமானம். போய் இறங்கியதும் அந்த வாரக் கடைசியில் மகனுக்கு நிச்சயதார்த்தம். மகளும் மாப்பிள்ளையும் வேலைக்குப் போய்விட்டதால், கடைசி நாளை வீணாக்க வேண்டாம் என்று பக்கிங்ஹாம் அரண்மனையில் காவலர்கள் மாறும் அணிவகுப்பைப் பார்க்க நாங்கள் இருவர் மட்டும் கிளம்பினோம்.

என் கணவரைப் பற்றி ஒரு விஷயம் சொல்லிவிட வேண்டும். விருதுநகரிலிருந்து மதுரைக்குத் தினமும் பஸ்ஸில் போய் வேலை பார்த்தவர். வண்டி பஸ் நிலையத்துக்குள் திரும்பும்போதே ஜன்னல் வழியாகத் துண்டை வீசி இடம் பிடிப்பதில் மன்னன். துண்டு விழுந்த சீட் அவருடையது. வேறு யாராவது உட்கார்ந்துவிட்டால் அங்கே ஒரு பஞ்சாயத்தே நடக்கும். கல்யாணப் பந்தியில்கூட கைக்குட்டை, சாவிக்கொத்து, மூக்குக்கண்ணாடிக் கூடு என்று கையில் இருப்பதை எல்லாம் வைத்து எங்களுக்கு இடம் போட்டுவிடுவார். அப்படிப் பிடித்த இடங்களில் சொகுசாக உட்கார்ந்து வந்தவள் நான். அதனால் அவரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை.

அன்று சீக்கிரமே போய்விட்டோம். எனக்கு முழங்கால் வலி. பக்கத்துப் பூங்காவில் ஒரு பெஞ்சில் என்னை உட்கார வைத்துவிட்டு, அரண்மனை வேலியோரம் இடம் பார்த்து வருவதாகச் சொல்லி, நாங்கள் கொண்டுவந்த பையோடு அவர் போனார். வெறுங்கையோடு திரும்பி வந்தார். முகத்தில் பெரிய வெற்றிக்களை. கம்பியை ஒட்டியே அருமையான இடம் கிடைத்துவிட்டதாம், பையைக் கட்டிவிட்டு வந்திருக்கிறாராம். நானும் சந்தோஷப்பட்டேன் என்பதுதான் வெட்கக்கேடு. குளத்தில் கூழைக்கடாக்கள் நீந்துவதை வேறு நின்று ரசித்துவிட்டு, ஆடி அசைந்து அரண்மனைப் பக்கம் வந்தோம்.

வந்து பார்த்தால் கூட்டமே இடம் மாறியிருந்தது. போலீஸார் எல்லோரையும் பின்னுக்குத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். குறுக்கே நாடா கட்டியிருந்தது. குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஜனங்கள் வேகவேகமாக விலகினார்கள். அரண்மனை வேலியோரம் ஒரு ஈ காக்கை இல்லை. எங்கள் ஊர் ஜவுளிக்கடைப் பை மட்டும் மஞ்சளாகத் தனியே தொங்கிக்கொண்டிருந்தது.

எங்கள் இரண்டு பேருடைய பாஸ்போர்ட்டும் அந்தப் பையில்தான் இருந்தன. போலீஸ் எந்த நேரமும் கேட்கும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, என் கணவர் வீட்டில் வைக்காமல் போகிற இடமெல்லாம் சுமந்துகொண்டிருந்தார். அதோடு எலுமிச்சம்பழச் சாதம் கட்டிய எவர்சில்வர் டப்பா. மூடி லூசு என்பதால் சணலால் இறுக்கிக் கட்டியிருந்தேன். டப்பாவுக்குப் பக்கத்தில் செல்போனுக்கு சார்ஜ் ஏற்றும் பவர் பேங்க், அதன் ஒயர் டப்பாவைச் சுற்றியபடி. பை வாய் வழியாகப் பார்க்கிறவனுக்கு அது வெடிகுண்டு மாதிரித்தான் தெரியும் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. பையை வெடிக்க வைத்து அழித்துவிடுவார்கள் என்று பக்கத்தில் யாரோ ஆங்கிலத்தில் பேசிக்கொண்டது எனக்கே புரிந்தது.

பாஸ்போர்ட் போனால் விமானம் போகும். விமானம் போனால் நிச்சயதார்த்தத்தில் தாம்பூலம் மாற்ற மகனைப் பெற்ற நாங்கள் இருக்க மாட்டோம். என் கணவரைப் பார்த்தேன். பஸ் நிலையத்தையே அதட்டுகிற மனிதருக்கு உதடு உலர்ந்து போயிருந்தது. என் முழங்கையைப் பிடித்து இழுத்தார்.

"பேசாம வந்துடு. நம்ம பைன்னு தெரிஞ்சா உள்ள தூக்கி வச்சிருவாங்க."

என்ன செய்வதென்று தெரியாமல் நின்றபோது, கூட்டம் போகும் திசைக்கு எதிராக ஒரு பெண் முகம் முகமாகப் பார்த்துக்கொண்டே வந்தார். நாற்பது வயது இருக்கலாம். ஜீன்ஸும் மழைக்கோட்டும் போட்டிருந்தார். என் நெற்றிப் பொட்டைப் பார்த்ததும் நேராக எங்களிடம் வந்தார். நாங்கள் தமிழா என்று யாழ்ப்பாணத் தமிழில் கேட்டார். பையில் இருந்த தமிழ் எழுத்தைப் படித்துவிட்டு அதற்கு உரியவர்களைத்தான் தேடி வருகிறாராம். அது எங்களுடையதா என்று அடுத்த கேள்வி.

"இல்லையே" என்றார் என் கணவர்.

வாழ்க்கையில் முதல்முறையாக வெளி ஆள் முன்னால் அவர் பேச்சை வெட்டினேன். "எங்க பைதாம்மா. எங்க பாஸ்போர்ட் அதுலதான் இருக்கு" என்று சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது.

அந்தப் பெண் என் கையைப் பிடித்துக்கொண்டார். "பயப்பிடாதேங்கோ அம்மா. இப்ப சொல்லாட்டித்தான் பிழை. நான் உங்களோட வாறன், உள்ளுக்க என்ன இருக்கெண்டு ஒண்டும் விடாமச் சொல்லுங்கோ."

எங்களை ஒரு போலீஸ் அதிகாரியிடம் அழைத்துப்போனார். அந்த அதிகாரி கத்தவில்லை, மிரட்டவில்லை, சிரிக்கவும் இல்லை. டப்பாவை ஏன் கட்டினோம், ஒயர் எதற்கு என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். அந்தப் பெண் எங்களிடம் தமிழில் வாங்கி ஆங்கிலத்தில் கொடுத்தார். மூடி எப்படிக் கழன்று விழும் என்று என் கணவர் கையால் நடித்தே காட்டினார். பிறகு பெரிய கேள்வி வந்தது. பையை வைத்துவிட்டு ஏன் போனீர்கள்? பஸ்ஸில் துண்டு போடும் சங்கதியை அந்தப் பெண் ஆங்கிலத்தில் எப்படிச் சொன்னாரோ, அதிகாரியின் மீசை லேசாக அசைந்தது. அவர் வாக்கி டாக்கியில் பேசினார். கேமராவில் பார்த்தார்களாம், இவர் முடிச்சுப் போட்டதும் எனக்காகப் பூங்கா பக்கம் நடந்ததும் பதிவாகியிருந்ததாம்.

இருந்தாலும் உடனே விடவில்லை. முறையாகப் பரிசோதித்த பிறகுதான் பை எங்கள் கைக்கு வந்தது. இனி இப்படிச் செய்யக்கூடாது என்று அதிகாரி கண்டிப்பாகச் சொன்னார். பாஸ்போர்ட்டை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். நடைபாதை ஓரத்திலேயே உட்கார்ந்து சிரித்தேன், அழுதேன், மறுபடியும் சிரித்தேன். அப்படி ஒரு நிம்மதியை என் பிரசவத்துக்குப் பிறகு அன்றுதான் அனுபவித்தேன்.

அணிவகுப்பை நாங்கள் பார்க்கவில்லை. தூரத்தில் பேண்டு வாத்தியச் சத்தமும் கறுப்புத் தொப்பிகளின் உச்சியும்தான் மிச்சம். அந்தப் பெண்ணும் பார்க்கவில்லை. கனடாவிலிருந்து வந்த உறவினர்களுக்குக் காட்டக் கூட்டி வந்தவர், அவர்களை ஓரமாக நிற்க வைத்துவிட்டு எங்களோடு வந்திருந்தார். பை யாரோ இடம் பிடிக்க வைத்ததாக இருக்கும் என்று எப்படித் தோன்றியது என்று கேட்டேன்.

"எங்கட அப்பாவும் வந்த புதுசில ஆஸ்பத்திரிக் கதிரையில குடையை வைச்சிட்டுப் போனவர்" என்றார். கதிரை என்றால் நாற்காலியாம். பிறகு என் கணவரைப் பார்த்து, "இஞ்ச பையை வைச்சு இடம் பிடிக்கேலாது ஐயா. ஆள்தான் நிக்கோணும்" என்றார்.

என் கணவர் தலையைக் குனிந்துகொண்டார். பிறகு சணலை அவிழ்த்து, மூடியிலேயே எலுமிச்சம்பழச் சாதத்தை வைத்து முதலில் அந்தப் பெண்ணுக்குத்தான் நீட்டினார். இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு, உப்பு கொஞ்சம் கூட என்று உண்மையையும் சொல்லிவிட்டு, உறவினர்கள் தேடுவார்கள் என்று அவர் கிளம்பிவிட்டார்.

நிச்சயதார்த்தம் நன்றாக நடந்தது. அந்த மஞ்சள் பை இன்னும் எங்கள் வீட்டில் ஆணியில் தொங்குகிறது. அதைப் பார்த்து அன்று அத்தனை பேரும் பயந்து விலகினார்கள், அது தப்பே இல்லை. ஆனால் இந்தப் பையைத் தேடி எங்கேயோ யாரோ தவித்துக்கொண்டிருப்பார்கள் என்று ஒருத்திக்குத் தோன்றியதே, அதை நினைத்தால் எனக்கு இன்றும் கண் நிறைந்துவிடுகிறது.