என் குரலைக் கேட்ட சாட்சி

எழுபதுகளில் நான் இலங்கையின் மாத்தளை டவுனில் ஓர் ஒலிபெருக்கிக் கடையில் வேலை பார்த்தேன். கோயில் தேருக்கும் வஹகோட்டைச் சர்ச் பெருநாளுக்கும் மைக் செட் எங்கள் கடையிலிருந்துதான் போகும். அறிவிப்புச் செய்ய நானும் கூடப் போவேன். தேயிலைத் தோட்டத்துத் தமிழனாய்ப் பிறந்தவன் என்றாலும் சிங்களம் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. அதில் கொஞ்சம் திமிரும் உண்டு.

தாத்தா இந்தியாவிலிருந்து வந்தவர் என்பதால் எனக்குப் பிரஜாவுரிமை இல்லை, ஓட்டும் இல்லை. மனுப் போட்டிருந்தேன். நான் இங்கேயே பிறந்து வளர்ந்தவன் என்று ஓட்டுள்ள ஒருவர் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். மனு தள்ளுபடியானால் தலைமன்னாரில் இந்தியாவுக்குக் கப்பலேற வேண்டியதுதான். எதிர்வரிசையில் தையல்கடை வைத்திருந்த சிங்களவர், தானே போடுவதாகச் சொல்லியிருந்தார். புத்தாண்டுக்கு எனக்குப் பாற்சோறு எடுத்து வைக்கிற மனிதர்.

அந்த நேரம் பார்த்துப் பொதுத்தேர்தல் வந்தது. ஒரு வேட்பாளரின் ஆட்கள் செட்டோடு என்னையும் அமர்த்திக்கொண்டு, கையில் ஒரு தாளைத் தந்தார்கள். "கடல் கடந்து வந்தவர்களைக் கப்பலேற்றுவோம். நம் பிள்ளைகளுக்கு நிலமும் வேலையும் கொடுப்போம்." சிங்களத்தில் இரண்டே வரி. வாசித்தேன்.

"டேய், என்னா வாசிக்கிறேன்னு தெரிஞ்சுதான் வாசிக்கிறியா?" என்று முதலாளி கேட்டார்.

"செட்டு போற எடத்துக்கு நானும் போறேன் முதலாளி. தேருக்குப் போகலையா?"

பெரிய கெட்டிக்காரப் பதில் என்று அப்போது நினைப்பு. வேன் கண்ணாடி முழுக்கப் போஸ்டர், உள்ளே இருப்பது யாரென்று வெளியே தெரியாது. தம்புள்ளை வரை கத்திக்கொண்டே போய் வந்தோம். சும்மா சொல்லக்கூடாது, நன்றாகத்தான் கத்தினேன்.

ஒரு வாரம் கழித்துச் சாட்சித் தாளோடு தையல்கடைக்குக் கையெழுத்து வாங்கப் போனேன். அதுவரை எந்தக் கட்சிக்கும் கொடி கட்டாதவர் கடை வாசலில் அந்த வேட்பாளரின் கொடி தொங்கியது. நாங்கள் பேசுவது சிங்களத்தில்தான்; என்னை 'மல்லி', அதாவது தம்பி, என்பார். அவர் மெஷினை நிறுத்தவில்லை.

"கோவிச்சுக்காத மல்லி. நீ நல்லவன். ஆனா வேன்ல சொல்றதும் சரிதானே? என் மகனும் வேலையில்லாமத்தானே இருக்கான்?"

"வேன்ல பேசுறது நான்தாங்க," என்றேன்.

சிரித்துவிட்டார். "போ மல்லி! அது இந்த மண்ணுல பொறந்தவன் பேச்சு. எனக்குத் தெரியாதா?"

வேறு வழி தெரியாமல் அந்த இரண்டு வரியையும் அதே குரலில் சொல்லிக் காட்டினேன். மெஷின் நின்றது. மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். அப்பாடா, இனிப் பேனாவை எடுப்பார் என்று நினைத்தேன்.

"கப்பலேத்தணும்னு நீயே சொல்லியிருக்கியே," என்றார், மெதுவாக. "அப்புறம் நான் என்னான்னு சாட்சி போடுறது?"

கையெழுத்துப் போடாமலே சாட்சித் தாளை நான்காக மடித்து என் கையில் கொடுத்தார். எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை, என் வாய்மேல்தான் வந்தது. தேர்தலுக்கு இன்னும் மூன்று நாள் இருந்தது. மறுநாள் காலை அதே இரண்டு வரியோடு வேனில் ஏறி மைக்கைப் பிடித்தேன்.