அவருடைய கொம்பனியின் சரித்திரம்

வீடியோ கேம் ஒன்றைப் போட்டவுடன் திரையில் முதலில் ஒரு கொம்பனியின் பெயர் வரும். விளையாடுகிறவர்கள் அதைத் தட்டிவிட்டுப் போய்விடுவார்கள். எனக்கு அதைக் கண்டால் வயிறு பற்றி எரியும். அந்தத் தொழிலில் எவன் எவனை வாங்கினான், எவன் பெயரை மாற்றினான், எவன் படுத்தான் என்று ஒரு காலத்தில் நித்திரையில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். இன்றுவரை ஒரு கேம்கூட விளையாடியதில்லை.

அது யுத்த காலம். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடற்பக்கம் இறங்கும் ஒழுங்கையொன்றில், ஒரு லொட்ஜில் இருந்தேன். கல்யாணப் பதிவு கொழும்பில்தான் எழுதினோம். அவர் வெளிநாட்டிலிருந்து வந்து பதினொரு நாள் நின்றார். பாதி நாள் கடதாசி அலுவலில் போனது. மீதியில் பாதி சொந்தக்காரர் வீட்டு விருந்திலும், அந்த விருந்து செய்த வயிற்றுக் கோளாறிலும் போனது. பிறகு அவர் விமானம் ஏறிவிட்டார், நான் விசாவுக்குக் காத்திருந்தேன். கொட்டாஞ்சேனையில் பெரியம்மா இருந்தா. வடக்கிலிருந்து வந்த பெட்டையை வைத்திருக்க வீட்டுச் சொந்தக்காரன் பயந்தபடியால் அங்கே நிற்க முடியவில்லை.

லொட்ஜில் இருக்கப் பொலிஸ் பதிவு வேண்டும். போனால் சிங்களத்தில் முதல் கேள்வி, ‘எய் கொளம்ப ஆவே?’ ஏன் கொழும்புக்கு வந்தாய்? தூதரகத்தின் கடிதத்தை நீட்டுவேன். விசா அலுவல் நடக்கிறது என்று கண்டால் இன்னும் கொஞ்ச நாள் தருவார்கள். அந்தக் கடிதம் இல்லாவிட்டால் நான் கொழும்பில் இருக்க ஒரு காரணமும் இல்லை. சுற்றிவளைப்பு நாட்களில் காரணம் இல்லாதவர்களைத்தான் முதலில் வண்டியில் ஏற்றினார்கள். விசா மறுக்கப்பட்டால் புருஷனும் இல்லை, பதிவும் இல்லை. இதை நினைத்து நினைத்தே எனக்குச் சாப்பாடு இறங்காது.

அவருடைய வேலை கேம் பதிப்பிக்கும் கொம்பனி ஒன்றில். ஊரில் எல்லோருக்கும் ‘கொம்பியூட்டர் இஞ்சினியர்’ என்று சொல்லியிருந்தோம். உண்மையில் அவர் தொலைபேசிக்கு முன்னால் ஒரு தடித்த கோப்போடு இருப்பவர். கேமில் ஏதாவது ஒரு கட்டத்தில் மாட்டிக்கொண்டவர்கள் நாடெங்கும் இருந்து அழைப்பார்கள். எந்தக் கதவைத் திறக்க வேண்டும், சாவி எங்கே கிடக்கிறது என்று இவர் கோப்பைப் பார்த்துச் சொல்லுவார். இதை நான் என்னோடு அறையில் இருந்த அக்காவுக்குச் சொன்னபோது அவ சிரித்த சிரிப்பில் கட்டில் ஆடியது.

“உதுக்கும் சம்பளம் குடுக்கிறாங்களோ? எடியேய், நீ குடுத்துவைச்சவள்!”

அந்த அக்காவும் என்னைப்போலப் புருஷனிடம் போகக் காத்திருந்தவதான். இரண்டு தரம் மறுக்கப்பட்டு மூன்றாவது தரம் போட்டிருந்தா. தூதரக நேர்முகத்தில் கேட்கும் கேள்வியெல்லாம் அவவுக்கு அத்துப்படி. லொட்ஜில் யாருக்கு அழைப்பு வந்தாலும் அவவின் கட்டிலில்தான் வந்து குந்துவார்கள்.

எனக்கு வந்த நேர்முக அழைப்புக் கடிதத்தில் ஒரு சிக்கல் இருந்தது. என் கணவர் அனுப்பிய வேலைக் கடிதத்தின் தலைப்பில் ஒரு கொம்பனியின் பெயர். சம்பளத் துண்டில் இன்னொரு பெயர். வருமான வரிப் பத்திரத்தில் மூன்றாவது பெயர். ஒரே மனிதன், ஒரே கதிரை, மூன்று கொம்பனி. நேர்முகத்தில் இதை நான் விளங்கப்படுத்த வேண்டுமாம்.

கடிதத்தைப் படித்த அக்கா சிரிக்கவில்லை. “இதிலதான் பிடிப்பாங்கள். புருசன்ர வேலை தெரியாம முழுசினியெண்டால் கள்ளக் கலியாணம் எண்டு எழுதிப்போட்டு விட்டிடுவாங்கள். எனக்கு முதல்தரம் அதுதான் நடந்தது. பாடமாக்கு.”

ஞாயிறுதோறும் காலையில் அவர் காலி வீதிக் கொமினிகேஷன் கடைக்கு அழைப்பு எடுப்பார். பலகையால் அடைத்த சின்னக் கூடு, கண்ணாடிக் கதவு, உள்ளே ஒரு முக்காலி. வெளியே அடுத்த அழைப்புக்குக் காத்திருப்பவர்கள் கண்ணாடியில் விரலால் தட்டிக்கொண்டே இருப்பார்கள். பத்து நிமிடத்துக்கு மேல் கடைக்காரர் விடமாட்டார். நான் கொப்பியும் பேனையுமாகப் போய்க் குந்தினேன்.

முதலில் இரண்டு சிநேகிதர். ஒருவனின் தகப்பனுடைய வாகனக் கொட்டிலில் இருந்து தொடங்கினார்கள். கேம் செய்தவர்கள் வேறு பெடியள். இவர்கள் அதைக் கசெட்டில் பதிந்து, போட்டோகொப்பி அட்டையோடு பிளாஸ்ரிக் பையில் போட்டுத் தபாலில் விற்றார்கள். “புத்தகம் எழுதுறவர் வேற, பதிப்பிக்கிறவர் வேறயெல்லே, அப்பிடித்தான்” என்றார். பிறகு ஒரு கார் ஓட்டும் கேம் நன்றாக ஓடியது, பெரிய கட்டிடத்துக்குப் போனார்கள். அதற்குப் பிறகு புத்தி கெட்டது. ஒரு சினிமாப் படத்தின் பெயரைப் பெரிய விலைக்கு வாங்கி, நத்தார்ப் பண்டிகைக்கு முன் கடைக்கு வரவேண்டுமென்று அவசரத்தில் ஒரு கேமைச் செய்வித்தார்கள். வாங்கியவர்கள் திருப்பிக் கொண்டுவந்து எறிந்தார்களாம். பெட்டி பெட்டியாகத் திரும்பி வந்ததில் கொம்பனி விழுந்தது. விழுந்ததை ஒரு பொம்மைக் கொம்பனி வாங்கியது. பொம்மை விற்கிறவனுக்கு இது விளங்கவில்லை, கடல் கடந்த இன்னொரு பெரிய பதிப்பாளனுக்குத் தள்ளிவிட்டான். அவன் ஓடின கேம்களின் பெயரை வைத்துக்கொண்டு கொம்பனியின் பெயரைத் தூக்கி எறிந்தான். சம்பளத் துண்டில் அவன் பெயர், முந்திய வருட வரிப் பத்திரத்தில் பொம்மைக்காரன் பெயர், பழைய பெயரில் கடிதத் தாள் மாத்திரம் முடியாமல் கிடந்தது. என் விசாவுக்கான கடிதத்தை அதில்தான் அடித்திருக்கிறார்கள், பாழாய்ப்போவார்.

இவ்வளவும் ஒரு ஞாயிறில் வந்துவிடாது. ஆறேழு ஞாயிறு எடுத்தது. ஒரு ஞாயிறு தொலைபேசியை எடுத்தவுடன் அவர் கேட்டார்.

“உமக்குக் காய்ச்சல் எண்டு பெரியம்மா சொன்னா. மாறிட்டுதோ?”

“அதை விடுங்கோ. பொம்மைக்காரன் எத்தினை வருசம் வச்சிருந்தவன்?”

“ரெண்டு. மருந்து எடுத்தனீரோ?”

“எடுத்தனான், எடுத்தனான். ரெண்டு முழு வருசமோ, இல்லாட்டி நடுவில வித்தவனோ? கண்ணாடியில தட்டுறாங்கள், கெதியாச் சொல்லுங்கோ.”

அவர் சொன்னார். இன்னொரு முறை ஏதோ கதை சொல்லத் தொடங்கினார், அந்தக் கிழமை பஸ்ஸில் நடந்த ஒன்று. நான் பாதியில் வெட்டி வரிப் பத்திரத்துக்குப் போனேன். என்னில் எனக்கே இப்போது ஆத்திரம் வருகிறது. அன்றைக்கு வரவில்லை. அன்றைக்குப் பயம் ஒன்றைத் தவிர எனக்குள்ளே எதற்கும் இடமிருக்கவில்லை.

நேர்முகத்தன்று அக்கா தன் கைப்பையைத் தந்தா, நல்ல நாளில் வாங்கியதாம். அதிகாரி ஒரு வெள்ளைக்காரப் பெண். பக்கத்தில் மொழிபெயர்க்க ஒரு கொழும்புத் தமிழ்ப் பெண். கணவரின் வேலையைப் பற்றிச் சொல்லுங்கள் என்றார்கள். நான் தொடங்கினேன். வாகனக் கொட்டில், கசெட், கார், சினிமா, நத்தார், பொம்மை, விற்பனை, பெயர் மாற்றம். வருடம் ஒன்றுகூடத் தவறவில்லை. மூன்று பெயருக்கும் மூன்று காரணம். மொழிபெயர்த்தவ மூச்சு வாங்கினா. எனக்குள்ளே ஒரு குதூகலம், வென்றுவிட்டேன் என்று.

அதிகாரி பேனையை மேசையில் வைத்தா.

“உங்களுக்கு இதெல்லாம் யார் சொல்லித் தந்தது என்று கேட்கிறா.”

“அவர்தான்.”

“அவர் காலையில என்ன சாப்பிடுவார்?”

“இடியப்பம்.”

“அங்க. அங்க என்ன சாப்பிடுறவர் என்று கேட்கிறா.”

எனக்குத் தெரியவில்லை. யாரோடு அறை எடுத்திருக்கிறார்? யாரோ ஒரு சிநேகிதன், பெயர் வரவில்லை. வேலையில்லாத நாளில் என்ன செய்வார்? கோபம் வந்தால் கத்துவாரா, பேசாமல் இருப்பாரா? கடைசியாக உங்களை எதைச் சொல்லிச் சிரிக்க வைத்தார்? கடைசிக் கேள்விக்கு, கடவுளே, நான் கார் ஓட்டும் கேம் எத்தனை மொழியில் வந்தது என்று சொல்லத் தொடங்கினேன். மொழிபெயர்த்தவ அதை மொழிபெயர்க்கவில்லை. குனிந்து என் முழங்கையை மெல்லத் தொட்டா.

மூன்று கிழமையில் கடிதம் வந்தது. அக்காதான் வாசித்தா. கணவரின் வேலையிடம் பற்றிய விபரங்கள் மனப்பாடம் செய்து ஒப்புவிக்கப்பட்டவை, கணவரைப் பற்றிய அறிவு மிகக் குறைவு, எனவே இது உண்மையான திருமணமாகத் தெரியவில்லை. அக்கா தலையில் அடித்துக்கொண்டா. “ஐயோ, நானெல்லோ பாடமாக்கச் சொன்னனான். என்ர வாயைக் கொளுத்தவேணும்.” அவவைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. கழிவறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு வாயில் துணியை அடைத்து அழுதேன். பொலிஸ் பதிவு முடிய இன்னும் ஒன்பது நாள் இருந்தது.

மேன்முறையீடு போட்டால் அந்தக் கடதாசியைக் காட்டிப் பதிவைப் புதுப்பிக்கலாம் என்றார்கள். மேன்முறையீட்டுக்கு எங்கள் உறவைப் பற்றி விபரமாக எழுதவேண்டும். அடுத்த ஞாயிறு அவர் அழைப்பு எடுத்தார். அவர் ஏதும் சொல்லுமுன் நான் தொடங்கிவிட்டேன்.

“இஞ்சாருங்கோ, காலமை என்ன சாப்பிடுறனீங்கள்?”

“ஒண்டுமில்லை. ஒரு பிளேன்ரீ. நிண்டுகொண்டு குடிச்சிட்டு ஓடுறது.”

“ஆரோட இருக்கிறியள்?”

சொன்னார். அந்தச் சிநேகிதன் குளிக்கும்போது பாடுவானாம், குரல் சகிக்காதாம். வேலையில்லாத நாளில் ரெயில் நிலையத்துக்குப் போய்ச் சும்மா ஆட்களைப் பார்த்துக்கொண்டு இருப்பாராம். போன கிழமை அங்கே நான் கட்டுகிற நிறத்தில் சேலை கட்டிய ஒருத்தியைக் கண்டு, விசர் பிடித்தவர்போல் பின்னால் நடந்தாராம். அதைச் சொல்லும்போது சிரித்தார். அவர் சிரிக்கும்போது மூக்கால் ஒரு சத்தம் வரும் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது.

“கோபம் வந்தால் கத்துவியளோ, பேசாம இருப்பியளோ?” என்று அடுத்ததைக் கேட்டேன்.

கண்ணாடியில் யாரோ தட்டினார்கள்.

“இதெல்லாம் உமக்குத் தெரியவேணுமெண்டு கேக்கிறீரோ,” என்றார், “இல்லாட்டி அவங்களுக்குச் சொல்லவோ?”

எனக்குத்தான் என்று சொல்லியிருக்கலாம். ஒரு சொல். பேனை கையில் இருந்தது, ஒன்பது நாளில் மூன்று போய்விட்டது.

“அவங்களுக்கு,” என்றேன். “கெதியாச் சொல்லுங்கோ.”

“பேசாம இருப்பன்,” என்றார்.