மாப்பிள்ளை சூட் ட்ரையலில் மாட்டிக்கொண்ட என் நாவல்

இன்று மதியம் கடையில் ஒரு சூட் ட்ரையல்...

கையில் சாக்பீஸ், வாயில் நாலு குண்டூசி. அந்தக் கோலத்தில்தான் எனக்கு இது நடந்தது!

தெரியாதவர்களுக்கு: மயிலாப்பூரில் ஆண்களுக்கு உடை டிசைன் செய்து தைத்துக் கொடுக்கிறேன். போன மாதம் என் முதல் நாவல் வெளிவந்தது. இதுவரை படித்தவர்கள் என் கணவரும் அக்காவும் மட்டுமே. (கணவர் "நல்லாருக்கு" என்றார். உப்புமாவுக்கும் அதையேதான் சொல்வார்!)

முன்பின் தெரியாத ஒரே ஒருத்தர் படித்துவிட்டு ஏதாவது சொல்லமாட்டாரா என்று ஏங்கிக்கொண்டிருந்தேன். திட்டினால்கூடப் பரவாயில்லை!

இன்று வந்தது ஒரு மாப்பிள்ளையும் அவருடைய வருங்கால மாமனாரும். ஜானவாச ஊர்வலத்துக்கு மாப்பிள்ளைக்கு சூட் எடுப்பது பெண் வீட்டார் வேலையாயிற்றே!

மாப்பிள்ளை சூட்டைப் போட்டுப் பார்க்க உள்ளே போனார். மாமனார் சட்டென்று பையிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்தார்.

என் நாவல்!!!

அட்டையில் என் பெயர் இருக்கிறது. ஆனால் கடைக்கு வருகிறவர்களுக்கு நான் வெறும் 'மேடம்'தான். அவருக்கு எப்படித் தெரியும்?

"இதைக் கொஞ்சம் பாரும்மா" என்று கிசுகிசுத்தார். "மாப்ளை எங்காத்துக்கு வந்தப்போ மறந்து வெச்சுட்டுப் போயிட்டார். பிரிச்சுப் படிச்சதுலேர்ந்து தூக்கமே போச்சு!"

போகாதா பின்னே?

கல்யாணத்தன்று காலையில் மாப்பிள்ளை குடையும் விசிறியுமாகக் காசிக்குக் கிளம்புவார். பெண்ணின் அப்பா வழிமறித்து, "என் பொண்ணைத் தரேன், வாங்கோ" என்று திருப்பி அழைத்து வருவார். சும்மா ஒரு விளையாட்டுச் சடங்கு.

என் நாவலின் மாப்பிள்ளை நிஜமாகவே போய்விடுவான். மண்டப வாசலில் ஆட்டோ பிடித்து, நேராக சென்ட்ரலுக்கு!

"இவர் ரெண்டு நாளா போன்ல கூட சரியாப் பேசலை. எனக்கு ஜாடையா ஏதோ சொல்றாரோ? பத்திரிகை எல்லாம் கொடுத்தாச்சும்மா. யாரோ வேலையத்தவ எழுதி வெச்சிருக்கா!"

(வேலையற்றவள் குண்டூசிகளை வாயிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்தாள்.)

"சார்... அதை எழுதினது நான்தான்."

அவர் என்னையும் அட்டையையும் மாறி மாறிப் பார்த்தார். அதற்குள் மாப்பிள்ளை சூட்டோடு வெளியே வந்துவிட்டார்.

"ஐயோ மாமா, இந்த புக் உங்ககிட்டயா இருக்கு? எங்கெல்லாம் தேடினேன்! மேடம், அட்டைல ஹேங்கர்ல ஒரு கோட் தொங்குது பாருங்க, அந்த மாதிரி காலர் வேணும்னு உங்ககிட்ட காட்டத்தான் வாங்கினேன்!"

"அப்போ படிக்கலையா?" மாமனாரும் நானும் ஒரே நேரத்தில் கேட்டோம்.

"ஒரு பக்கம் கூட இல்ல!"

(அட்டையில் அந்தக் கோட் படத்தை வரைந்ததும் நான்தான். டிசைனர் ஜெயித்தாள், எழுத்தாளர் அவுட்!)

"போன்ல ஏன் பேசலை?" மாமனார் விடவில்லை.

"டயட் மாமா! பேசத் தெம்பில்ல."

மாமனார் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்து ஒரு டம்ளர் தண்ணீரையும் குடித்து முடித்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"நீங்களாவது முழுசா படிச்சீங்களா சார்?" என்றேன்.

"ரெண்டு தரம்! கீழே வைக்க முடியலை!"

எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. என் முதல் வாசகர்! முன்பின் தெரியாத, அசல் வாசகர்!!

"ஆனா ஒண்ணு கேக்கணும். அந்தப் பொண்ணோட அப்பா என்னம்மா ஆனார்? கையில தேங்காயோட வாசல்லயே நிக்கறார், நீ கதையை முடிச்சுட்டே. பாவம், அவரை யாராவது உள்ள கூப்பிட வேண்டாமா?"

ஒரு நாவல் முழுக்க எழுதியும் அந்த மனிதரை நான் திரும்பிப் பார்க்கவே இல்லை.

கண்ணாடி முன்னால் நின்ற மாப்பிள்ளை பேன்ட்டைப் பிடித்து இழுத்துக் காட்டினார். "மேடம், இடுப்புல ரொம்ப லூஸ். கொஞ்சம் ஆல்டர் பண்ணணும்."

மாமனார் கையை உயர்த்தித் தடுத்தார்.

"இருங்கோ மாப்ளே. மொதல்ல அவ கதையை ஆல்டர் பண்ணட்டும்!"