கலப்பு இரட்டையரும் என் அண்ணனும்

டென்மார்க்குக்கு வந்த முதல் குளிர்காலத்தில், எங்கள் பகுதி விளையாட்டுக் கூடத்தில் பெயர் தெரியாத ஓர் ஆள் என் கையில் பேட்மின்டன் ராக்கெட்டைக் கொடுத்து, ‘நீங்களும் நானும் ஒரு பக்கம்’ என்று ஆங்கிலத்தில் சொன்னார். நான் முதலில் செய்த காரியம், யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்ததுதான். ஒருவரும் பார்க்கவில்லை. பக்கத்து கோர்ட்டில் தலை நரைத்த ஒருவரும் கல்லூரிப் பெண்ணும் ஜோடியாக ஆடிக்கொண்டிருந்தார்கள். அவளுடைய அப்பா எதிர்ப்பக்கம் நின்றார். முதல் புள்ளி கிடைத்ததும் என் ஜோடி உள்ளங்கையை நீட்டினார். இரட்டையர் ஆட்டத்தில் புள்ளிக்குப் புள்ளி கை தட்டிக்கொள்வது உலக வழக்கம். நான் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டேன். மனுஷர் பதறிப்போய், ‘வலிக்கிறதா?’ என்று கேட்டு, ஓடிப்போய் ஐஸ் பொட்டலம் கொண்டுவந்து மணிக்கட்டில் வைத்தார். எனக்குத் தெரிந்த ஒரே டேனிஷ் வார்த்தையான ‘தக்’கை, அதாவது நன்றியைச் சொல்லிவிட்டு, வலிக்காத கைக்கு ஐஸ் ஒத்தடம் கொடுத்தபடி பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன்.

தென்காசிக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. குற்றாலத்தில் அருவியையே ஆண்கள் பக்கம், பெண்கள் பக்கம் என்று பிரித்துத்தான் வைத்திருக்கிறோம். என் அண்ணன் போலீஸ். எங்கள் வீட்டை ஒட்டிய காவலர் குடியிருப்பில் ஒரு திறந்தவெளி கோர்ட் இருந்தது. ஆனியில் காற்று கிளம்பிவிட்டால் செங்கோட்டைப் பக்கம் பார்த்து அடிக்கிற ஷட்டில் நம் தலைக்கே திரும்பி வரும். அதற்கு முன்பு கிடைக்கிற மாதங்களில் ஆடி ஆடித்தான் நான் கல்லூரி அணிக்கு வந்தேன். கலப்பு இரட்டையரில் எனக்கு ஜோடி செல்வம். புளியங்குடியில் எலுமிச்சை மண்டி வைத்திருந்தவரின் மகன். நான் ஆட அண்ணன் ஒரே ஒரு நிபந்தனை போட்டிருந்தான். செல்வத்தோடு கை தட்டக் கூடாது, வேண்டுமானால் ராக்கெட்டும் ராக்கெட்டும் தட்டிக்கொள்ளலாம். தொடாமலே ஆடி மாவட்ட இறுதிப்போட்டி வரைக்கும் வந்தோம்.

பாளையங்கோட்டையில் அந்தக் கடைசிப் புள்ளியை எடுத்தபோது எனக்கு அண்ணன் ஞாபகமும் இல்லை, நிபந்தனை ஞாபகமும் இல்லை. இருவரும் உள்ளங்கை சிவக்கத் தட்டிக்கொண்டோம். அதுதான் மறுநாள் பேப்பரில் மாவட்டப் பக்கத்தில் படமாக வந்தது. “ஏட்டி, ஊருக்குள்ள நான் தலை காட்டவா வேண்டாமா? அவன் யாரு, நாம யாரு?” என்று அண்ணன் கத்தினான். என் ராக்கெட்டை எடுத்து ஜீப்பில் போட்டுக்கொண்டு போனான். அன்றைக்கே இரண்டு காக்கிச் சட்டைகளோடு புளியங்குடி மண்டிக்கும் போயிருக்கிறான். அங்கே என்ன பேசினான் என்று இன்றுவரை யாரும் எனக்குச் சொன்னதில்லை. செல்வம் அதன்பின் தென்காசிப் பக்கமே வரவில்லை. மாநில அணித் தேர்வுக்கு நாங்கள் இருவருமே போகவில்லை.

சுரண்டைப் பக்கம் காற்றாலையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தவரைக் கட்டிக்கொண்டு, அவருக்கு இங்கே வேலை கிடைத்ததும் கிளம்பி வந்துவிட்டேன். மகள் மீனா இங்கேயே பிறந்தவள். நடக்கத் தொடங்கியதிலிருந்து என்னோடு அந்தக் கூடத்துக்கு வந்தவள், இன்று டென்மார்க் அணியில் கலப்பு இரட்டையர் ஆடுகிறாள். ஜோடியின் பெயர் யோனாஸ். இந்த வருஷம் நாடுகளுக்கு இடையிலான கலப்பு அணிப் போட்டி கோபன்ஹேகனில் நடந்தது. ஆண், பெண் ஒற்றையர் இரண்டு, இரட்டையர் இரண்டு, கலப்பு இரட்டையர் ஒன்று என்று மொத்தம் ஐந்து ஆட்டம். மூன்றை ஜெயிக்கிற நாட்டுக்கு வெற்றி. காலிறுதியில் டென்மார்க்குக்கு எதிராக வந்து நின்றது இந்தியா.

அண்ணன் போனில் குதித்தான். “பஸ் ஸ்டாண்டு முன்னால பிளெக்ஸ் வச்சாச்சுட்டி! குத்தாலம் ரோட்டுல மண்டபம் பிடிச்சி பெரிய ஸ்கிரீன் போடுதேன். ஆட்டம் முடியுத வரைக்கும் ஒருத்தன எந்திரிக்க விடமாட்டேன்.”

“அவ இந்தியாவ எதுத்துல்லாண்ணே ஆடுதா?”

“அதுக்கென்ன? நம்ம பிள்ளையும் ஜெயிக்கணும், இந்தியாவும் தோக்கக் கூடாது.”

“அது எப்படிண்ணே?”

“அதெல்லாம் அவ பாத்துக்கிடுவா.”

மதினி பிளெக்ஸைப் படம் பிடித்து அனுப்பியிருந்தாள். ‘தென்காசிச் சீமையின் தங்கத் தாரகையே!’ என்று எழுதி, மீனாவைவிடப் பெரியதாகக் கூலிங் கிளாஸ் போட்ட அண்ணன். மீனாவும் யோனாஸும் தோளில் கை போட்டு நிற்கிற படத்தைத்தான் நான் கொடுத்திருந்தேன். யோனாஸை வெட்டி எடுத்துவிட்டு அந்த இடத்தில் குற்றாலம் மெயின் அருவியை ஒட்டியிருந்தார்கள். வெட்டியவன் அவசரக்காரன் போலிருக்கிறது. மீனாவின் தோளில் யோனாஸின் நான்கு விரல்கள் அப்படியே நின்றன.

“அம்மா, யோனாஸ் எங்கே?” என்றாள் மீனா.

“இடம் பத்தலையாம்.”

“அருவிக்கு மட்டும் இடம் இருக்கே?”

நான் அடுப்பைப் பார்க்கப் போய்விட்டேன். ஆனால் அன்றைக்கே ஒன்றை மனசில் முடிவு கட்டிக்கொண்டேன். எனக்குக் கோப்பை வேண்டாம். அண்ணன் அந்த மண்டபத்தில் உட்கார்ந்து, என் மகள் ஒரு பையனோடு கை தட்டி ஆடுவதைக் கடைசிப் புள்ளிவரை பார்க்க வேண்டும். பார்த்துவிட்டு, நன்றாக ஆடினாள் என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். எனக்குச் சொல்லாததை அவளுக்காவது சொல்லட்டும்.

போட்டியன்று வீட்டுக்காரர் கடலுக்குள் காற்றாலை வேலைக்குப் போயிருந்ததால் நான் மட்டும் போனேன். ஆட்டக்காரர்களின் குடும்பத்துக்கு ஒதுக்கிய சீட்டு கையில் இருந்தது. வாசலில் நின்ற இளைஞன் சீட்டைப் பார்க்கவில்லை, என் முகத்தைப் பார்த்தான். ‘உங்கள் ஆட்கள் அந்தப் பக்கம்’ என்று சிரித்தபடி கையைக் காட்டினான். நான் டென்மார்க் அணிப் பெண்ணின் அம்மா என்று சொல்ல எனக்கு டேனிஷ் தெரியாமலா? இருந்தும் அவன் காட்டிய பக்கமே போய் உட்கார்ந்தேன். பக்கத்தில் ஒரு கோயம்புத்தூர் அம்மா, ‘வாங்க வாங்க, நீங்களும் தமிழா!’ என்று கையில் ஒரு காகிதக் கொடியைத் திணித்தார்.

நான்கு ஆட்டம் முடிந்தபோது ஆளுக்கு இரண்டு. எல்லாம் ஐந்தாவது ஆட்டத்தின் தலையில், அதாவது மீனா தலையில் வந்து விழுந்தது. புள்ளி எடுத்தாலும் யோனாஸோடு கை தட்டல், விட்டாலும் தட்டல். ஒவ்வொன்றும் தென்காசி மண்டபத்தில் ஆளுயரத்துக்குத் தெரியும் என்று நினைக்க நினைக்க எனக்குள் ஒரு குரூரமான சந்தோஷம். பாருண்ணே, கண்ணைத் திறந்து நல்லா பாரு! ஆளுக்கொரு கேம் எடுத்திருக்க, கடைசியான மூன்றாவது கேமில் சமநிலைக்குப் பின் மீனா வலையை ஒட்டி மெதுவாக ஒரு ஷட்டிலை இறக்கினாள். எதிரணிப் பெண் பாய்ந்தும் எட்டவில்லை. அவ்வளவுதான். யோனாஸ் மீனாவை அப்படியே தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினான். என்னைச் சுற்றி இருந்தவர்கள் தலையில் கை வைத்துக்கொண்டார்கள். நான் கொடியை மடியில் வைத்துவிட்டு அண்ணனுக்கு வீடியோவில் கூப்பிட்டேன்.

மண்டபத்தில் இருந்துதான் எடுத்தான். “கரண்டு போயிட்டுட்டி. மூணாவது கேம்ல பட்டுன்னு போயிட்டு. ஜனமெல்லாம் எந்திரிச்சிப் போயிட்டு. ஜெயிச்சிட்டாளாம்லா? சந்தோசம்.”

அவன் தலைக்கு மேலே ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. பின்னால் டியூப் லைட்டுகள் வரிசையாக எரிந்தன. காலி நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்த மதினி ஒரு தடவை என் பக்கம் பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டாள்.

“பரவால்லண்ணே,” என்றேன். “இங்கன கரண்டு போகல.”

போனை வைத்துவிட்டுக் கீழே பார்த்தேன். மீனா கோர்ட்டின் ஓரத்தில் நின்று, குடும்பத்தார் உட்கார்ந்திருந்த டென்மார்க்கின் சிவப்புச் சட்டைக் கூட்டத்துக்குள் வரிசை வரிசையாகக் கண்ணை ஓட்டி என்னைத் தேடிக்கொண்டிருந்தாள். நான் எதிர்ப்பக்கத்தில், தோற்றவர்கள் நடுவே, மடியில் மூவர்ணக் கொடியோடு உட்கார்ந்திருந்தேன். அவள் இந்தப் பக்கம் திரும்பவே இல்லை.