தொரையின் தூண்டில் சக்கரம்

"...மிசினும் பச்சப்பிள்ளையும் ஒண்ணுதான். சத்தம் போட்டா எங்கேயோ நோவுதுன்னு அர்த்தம். நோவை எடுத்துட்டா தானா வாயை மூடிக்கும்" என்று சொல்லிக்கொண்டே மாமா, தோட்டத் தொரையின் நூல் சுற்றும் தூண்டில் சக்கரத்தைச் சாக்கின்மேல் பிரித்துப் பரப்பினார்.

அப்புத்தளைப் பக்கம் எங்கள் தோட்டத்துத் தேயிலை அரைக்கிற ஸ்டோரில் மிசின்களுக்கு எண்ணெய் விடுவது அவர் வேலை. எண்ணெய்க் குப்பி கையில் இருந்தால் அவர் கண்ணுக்கு உலகமே நோயாளி. போன வாரம் லயத்து வரிசையில் தன் வீட்டுக் கதவுக் கீலுக்கும் வைத்தியம் பார்த்து, அதன் முனகலை அடக்கிவிட்டார். அன்றிலிருந்து அவர் உள்ளே வரும்போதெல்லாம் அத்தை திடுக்கிட்டு "யாரு?" என்பாள். ஒருநாள் கஞ்சிச் சட்டியையே நழுவவிட்டாள். எதிரில் நிற்கிற புருஷனை யாரென்று கேட்பானேன்? ஏதோ ஊடல் என்று நான் விட்டுவிட்டேன்.

சக்கரத்தைக் கொண்டுவந்த பங்களாச் சமையல்காரர், சத்தம் சரியில்லை, பார்க்கச் சொன்னார் தொரை என்று மட்டும் சொல்லிப் போயிருந்தார். இதைச் சரியாகச் செய்தால் இஞ்சின் அறையில் இடம் கிடைக்கும் என்பது மாமாவின் கணக்கு. கெடுத்தால் பத்துச்சீட்டு, தோட்டத்தைவிட்டே போகவேண்டியதுதான்.

உள்ளே ஓடை மணலும் மீன் செதிலும் அப்பியிருந்தன. மண்ணெண்ணெயில் கழுவி, துணியால் துடைத்து, ஒரு சொட்டு எண்ணெய் விட்டுச் சுற்றினார். கறகறப்பு போய்விட்டது. ஆனால் 'கிர்ர்' என்று இன்னொரு சத்தம் மட்டும் நிற்கவில்லை. தேடிப் பார்த்தால், நகத்தளவு எஃகுத் துண்டு ஒன்று பற்சக்கரத்தை உரசிக்கொண்டிருந்தது. அதைக் கழற்றி, விளையாடு என்று என்னிடம் தந்தார். நான் பாவாடை நுனியில் முடிந்துகொண்டேன். சக்கரம் பூனை நடப்பதுபோலச் சுற்றியது.

ஞாயிறு தொரை சமவெளி ஓடைக்கு மீன் பிடிக்கப் போனார். திங்கள் மத்தியானம் மாமாவுக்கு ரொட்டி கொண்டுபோனேன். ஸ்டோர் வாசலில் தொரை நின்றிருந்தார். சக்கரத்தில் நூல் காக்கைக்கூடாகச் சிக்கிக் கிடந்தது.

"சத்தம் எங்கே?"

"எடுத்துட்டேனுங்க தொரை" என்றார் மாமா, பெருமையாக.

தொரை தனக்குத் தெரிந்த தமிழில் நிறுத்தி நிறுத்திச் சொன்னார். "மணல் சத்தம் எடுக்கச் சொன்னேன். மத்தது எனக்கு வேணும். சாயந்தரம் நூல் கண்ணுக்குத் தெரியாது. மீன் இழுத்துட்டு ஓடினா அந்தச் சத்தம்தான் சொல்லும். அது என் கண்ணு."

மாமாவின் முகம் வெளிறிவிட்டது. நான் முடிச்சை அவிழ்த்து நீட்டினேன். அவர் எஃகுத் துண்டை மாட்டினார். தொரை சுற்றிப் பார்த்தார். கிர்ர். கண்ணை மூடி இன்னொரு தரம். கிர்ர். மணல் எடுத்தது நல்ல வேலை என்றார். இஞ்சின் அறையைப் பற்றிப் பேச்சில்லை. பத்துச்சீட்டைப் பற்றியும் இல்லை. மாமாவுக்கு அதுவே தீபாவளி.

சாயந்தரம் வேலை விட்டதும் நேரே வீட்டுக்கு நடந்தார். பின்னால் நானும் போனேன். கதவு சத்தமில்லாமல் திறந்தது. அடுப்பருகில் அத்தை திரும்பி, "யாரு?" என்றாள். மாமா வாசற்படியிலேயே நின்று அவளைப் பார்த்தார். அவள் பார்வை அவருக்கு ஒரு முழம் தள்ளி, சுவரில் எதையோ தேடிக்கொண்டிருந்தது.

"நான்தான் புள்ள" என்றார்.

பிறகு கீலைத் துணியால் அழுந்தத் துடைத்தார். அடுப்புச் சாம்பலை அள்ளி அதில் அப்பினார். எண்ணெய் விட்ட கையே சாம்பலும் பூசுகிறதே, மாமாவுக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டதா என்று பார்த்துக்கொண்டு நின்றேன். கதவு முனகும்வரை திறந்து திறந்து மூடினார். வெளியே போய்த் திரும்பி வந்தார்.

"வந்துட்டீங்களா? கைகால் கழுவுங்க" என்றாள் அத்தை, திரும்பாமலே.

மாமா மறுபடியும் வெளியே போய், மறுபடியும் கதவைத் திறந்துகொண்டு வந்தார்.