நிறைந்த அமாவாசையில் ஒரு டீலர் கூட்டம்

அந்த மாதக் காலண்டர் இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறது. எங்கள் கிரைண்டர் கம்பெனியே அச்சடித்துக் கொடுத்தது. மேலே முருகன், கீழே கட்டம் கட்டமாகத் தேதிகள், அமாவாசைக்கு ஒரு கறுப்பு வட்டம், பௌர்ணமிக்கு ஒரு வெள்ளை வட்டம். ஒரு வெள்ளிக்கிழமைக் கட்டத்தில் இருந்த கறுப்பு வட்டத்தைச் சுற்றி எங்கள் மேனேஜர் சிவப்புப் பேனாவால் இன்னொரு வட்டம் போட்டார். போட்டது போதவில்லை என்று அதன்மேலேயே மறுபடியும் பேனாவை ஓட்டினார். "வெள்ளியும் அமாவாசையும் சேந்து வருதுங் அம்மிணி. நெறஞ்ச நாளு. டீலர் மீட்டிங்க அன்னிக்கே வெச்சுப்போடலாம்" என்றார். நான் தலையாட்டினேன். அந்த வட்டங்கள் எனக்கு எதையும் சொன்னதில்லை. நான் பெங்களூர் காக்ஸ் டவுனில் பிறந்து வளர்ந்தவள். எங்கள் வீட்டில் தொங்குவது சர்ச்சில் கொடுக்கும் காலண்டர். அதில் ஞாயிற்றுக்கிழமையும் திருநாளும்தான் விசேஷம்.

தொண்ணூறுகளின் கடைசி அது. கோயம்புத்தூரில் செய்யும் டேபிள் டாப் கிரைண்டரைக் கர்நாடகத்தில் விற்க முதலாளி திறந்த கிளை எங்களுடையது. காக்ஸ் டவுனில் ஒரு மாடியில் இரண்டு அறைகள். டைப்பிஸ்ட், டெலிபோன், கன்னடம் பேச வேண்டிய இடத்தில் கன்னடம், எல்லாம் நான். மேனேஜருக்கு ஐம்பது தாண்டியிருந்தது. கம்பெனியில் உதிரிபாகம் துடைக்கிற வேலையில் சேர்ந்து மேலே வந்தவர். கிளை நிலைத்துவிடும் என்ற நம்பிக்கையில் மனைவியையும் மகளையும் பெங்களூருக்கே கூட்டிவந்து, எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி வீடு பிடித்திருந்தார். மகள் பி.யு.சி. படித்துக்கொண்டிருந்தாள். ஆனால் இரண்டு வருடமாகியும் வியாபாரம் எழுந்திருக்கவில்லை. இந்த சீசனுக்குப் பெரிய கடைக்காரர்களைக் கூட்டி ஆர்டர் வாங்கு, இல்லையென்றால் கிளையைப் பூட்டிவிட்டுக் கிளம்பி வா என்று முதலாளி சொல்லிவிட்டார். கிளம்பிப் போனால் அங்கே அவருக்குக் காத்திருந்தது ஸ்டோர்ஸ் வேலை. ஸ்டோர்ஸுக்குத் தலைவராக இருந்தவன் இவரிடம் வேலை கற்றுக்கொண்டவன். அவனுக்குக் கீழே போய் உட்காருவதை நினைத்தால் அவருக்குச் சாப்பாடு இறங்காது. இதை அவர் என்னிடம் சொன்னதில்லை, அவர் மனைவி சொன்னார்.

ஆகவே அவருக்கு அந்தக் கூட்டம் வெறும் கூட்டமில்லை. ஓட்டல் ஹாலில் வைத்தால் கடைக்காரர்கள் ஒரு காபி குடித்துவிட்டுக் கிளம்பிவிடுவார்கள், ஊருக்கு வெளியே ரிசார்ட்டில் வைத்தால் உட்கார்ந்து பேசுவார்கள் என்று கணக்குப் போட்டார். ஆனேக்கல் பக்கத்தில் ஒரு ரிசார்ட் கிடைத்தது. வாடகை அவ்வளவு குறைவாக இருந்ததைக் கேட்டு எங்களுக்கே சந்தேகம் வந்துவிட்டது. அந்த ரிசார்ட்காரர் கன்னடமும் தமிழும் தெலுங்கும் ஒரே வாக்கியத்தில் பேசக்கூடியவர். "அன்னிக்கு புல் ஃப்ரீ சார். ஹாலு, காட்டேஜு, எல்லா நிம்தே, உங்களுதே. நீங்களே ராஜா" என்றார். அந்த நாளில் ஏன் ஒரு ஆள்கூட இடம் கேட்கவில்லை என்று எங்களுக்குக் கேட்கத் தோன்றவில்லை. நாள் நல்ல நாளாக இருந்தால் எல்லாம் தானாக அமையும் என்றார் மேனேஜர்.

அழைப்பை நானே டைப் செய்தேன். அவெனியூ ரோடு, சிக்பேட்டை, யஷ்வந்த்பூர் என்று அவரே கடை கடையாக ஏறிப்போய்க் கொடுத்தார். எல்லோரும் வாங்கிக்கொண்டு, "நோடோணா சார்" என்றார்கள். பார்க்கலாம் என்று அர்த்தம். அவர் அதை வருகிறோம் என்று எடுத்துக்கொண்டார். பாவம், வேறு எப்படி எடுத்துக்கொள்வார்?

வியாழக்கிழமை சாயங்காலமே போய்விட்டோம். மேனேஜர் வீட்டு ஆன்ட்டி வந்தால்தான் போகலாம் என்று என் அம்மா சொல்லிவிட்டதால் ஆன்ட்டியும் வந்தார். கிரைண்டரில் ஆட்டிய மாவில் தோசை வார்த்து வந்தவர்களுக்குக் கொடுப்பது அவர் பொறுப்பு. வேன் உள்ளே நுழைந்ததுமே எனக்கு உடம்பெல்லாம் அலுப்பாகிவிட்டது. வாசலில் சிமெண்டில் செய்த ஒட்டகச்சிவிங்கி; கழுத்து உடைந்து கம்பி வெளியே தெரிந்தது. நீச்சல் குளத்தில் தண்ணீர் இல்லை; அடியில் பாசியும், யாரோ விட்டுப்போன ஒற்றைச் செருப்பும் இருந்தன. காட்டேஜில் கதவைத் திறந்தால் பூஞ்சக்காளான் நெடி. கட்டிலில் உட்கார்ந்தால் ஒரு பக்கம் இறங்கியது. துண்டில் வேறு ஏதோ ஓட்டலின் பெயர். கீசர் இருந்தது, ஆனால் அதற்கு ஒயர் இல்லை. மெனு கார்டில் சைனீஸ், முகலாய் எல்லாம் இருந்தது. என்ன கேட்டாலும் முட்டை ஃப்ரைட் ரைஸ்தான் வந்தது. எனக்குக் கோபம் வந்தது. "இதுக்குப் பேரு ரிசார்ட்டா சார்?" என்று கேட்டே விட்டேன். அவர் நிதானமாக, "ஹாலுதானுங் முக்கியம். நாளைக்கு ஆளுங்க வந்து ரொம்பிட்டா ஒண்ணும் தெரியாதுங்" என்றார்.

மறுநாள் அவர் விடியும் முன்பே குளிர்ந்த தண்ணீரில் குளித்துவிட்டு, வெள்ளை வேட்டியில் ஹாலுக்கு வந்துவிட்டார். நாற்காலிகளைத் தானே துடைத்தார். மேடையில் புது கிரைண்டரை வைத்து, அதற்குச் சந்தனம் குங்குமம் இட்டு, மல்லிகைச் சரம் சுற்றினார். வாசலில் ஒரு மேஜை, அதில் பன்னீர்ச்செம்பு, கல்கண்டு, சந்தனக் கிண்ணம். அதற்குப் பின்னால் நின்றுகொண்டார். கல்யாண வீட்டில் பெண்ணைப் பெற்றவர் நிற்பதுபோல்தான் இருந்தது. பதினொரு மணிக்குக் கூட்டம். பத்தரைக்குக் கரண்ட் போனது. ஜெனரேட்டருக்கு டீசல் வாங்கப் போன ஆள் ஆனேக்கல் வரைக்கும் போய்விட்டான் போலிருக்கிறது, வரவேயில்லை.

பதினொன்று ஆயிற்று, பன்னிரண்டும் ஆயிற்று. வந்தவர் ஒரே ஒருவர், அத்திபெலேயில் சின்னப் பாத்திரக்கடை வைத்திருந்த தமிழர். பஸ் பிடித்து, இறங்கி நடந்து, வியர்க்க வியர்க்க வந்தார். மேனேஜர் அவர் மேல் பன்னீர் தெளித்த அழகைப் பார்த்தால் பத்துப் பேருக்குத் தெளிப்பதைச் சேர்த்துத் தெளித்தார் என்றுதான் சொல்ல வேண்டும். "நல்ல நாளாச்சேன்னு கடைய மச்சான்கிட்ட விட்டுட்டு ஓடியாந்தேன். எங்க சார், யாரையும் காணோம்?" என்றார் அவர். "வந்துருவாங்க. டிராபிக்குங்" என்றார் மேனேஜர். அந்த மண் சாலையில் ஒரு மாட்டுவண்டிகூடப் போகவில்லை.

அமாவாசை விரதம் என்று மேனேஜர் காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. அப்பாவை நினைத்துக் காக்கைக்குச் சோறு வைத்த பிறகுதான் சாப்பிடுவார். ஆன்ட்டி ரிசார்ட் சமையலறைக்குள் புகுந்து சாதமும் வாழைக்காயும் செய்திருந்தார். வறண்ட குளத்தின் கரையில் இலை போட்டு வைத்து, மேனேஜர் கா கா என்று கூப்பிட்டார். ஒரு கூட்டமே இறங்கியது. அன்றைக்குக் கூப்பிட்டதும் வந்தது அவைதான் என்று நினைத்து எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. அவர் காக்கைகளைப் பார்க்கவில்லை, கேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒரு போன் போட்டுப் பாருங் அம்மிணி" என்றார். ரிசப்ஷன் போனிலிருந்து சிக்பேட்டையில் இருந்த பெரிய டீலரைக் கூப்பிட்டேன். அவர் வந்தால் மற்றவர்கள் வருவார்கள் என்பது எங்கள் நம்பிக்கை. அவரே எடுத்தார். எங்கள்மேல் அவருக்கு ஒரு வருத்தமும் இல்லை, ஆச்சரியம்தான். "ஏனம்மா, இவத்து அமாவாசெ அல்வா? அமாவாசெ தினா ஹொச வியாபாராக்கே யாராதரூ கை ஹாக்தாரா? நாளெ இட்கொள்ளி, எல்லாரூ பர்த்தீவி" என்றார். இன்றைக்கு அமாவாசை ஆயிற்றே, அமாவாசையில் யாராவது புது வியாபாரத்தில் கை வைப்பார்களா, நாளைக்கு வையுங்கள், எல்லோருமே வருகிறோம் என்கிறார். அடுத்து அவெனியூ ரோட்டுக்குப் போட்டேன். அங்கேயும் அதே பதில். மூன்றாவது கடைக்குப் போட எனக்குத் தெம்பில்லை. ரிசார்ட்காரர் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். "அமாவாசெக்கு இங்க யாரும் ஹாலு கேக்க மாட்டாங்கம்மா. நீங்க தமிழ் கம்பெனி, உங்களுக்கு ஆகும் போலன்னு நெனச்சேன்" என்றார். அவர் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை.

மேனேஜரிடம் நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. கையில் பன்னீர்ச்செம்போடு கேட்டுக்கொண்டார். முதலில் அவருக்குப் புரியவில்லை. "அமாவாசைங்கறதாலதானுங் அம்மிணி வெச்சேன்" என்றார். மறுபடியும் அதையே சொன்னார். இரண்டு வருடம் அந்தக் கடைகளில் ஏறி இறங்கியவர்தான். அமாவாசையன்று போனால் "நாளெ பன்னி" என்பார்கள். மற்ற நாளில் போனாலும் நாளை வா என்றுதான் சொல்வார்கள். இதில் எதை வைத்து அவர் கண்டுபிடிப்பார்? அவர் ஊரில் நல்ல நாள் இங்கே ஆகாத நாள் என்று யாரும் போர்டு எழுதி மாட்டவில்லையே. எனக்கு அந்த நேரத்தில் அவரைவிட என் ஊர்மேல்தான் கோபம் வந்தது.

ஒரு வழி இருந்தது. நாளைக்கு வருகிறோம் என்கிறார்களே, ஹாலை இன்னொரு நாள் வைத்துக்கொண்டால் போதும். அதற்கு முதலாளி ஒப்ப வேண்டும். மேனேஜர் கோயம்புத்தூருக்குப் போன் போட்டார். நின்றுகொண்டுதான் பேசினார், முதலாளியிடம் போனில்கூட உட்கார்ந்து பேச மாட்டார். "இல்லீங்க முதலாளி... யாரும் வரலீங்க... இல்லீங்க, கூப்பிட்டனுங்க... இவங்களுக்கு அமாவாசை ஆகாதுங்களாமா... நெசமாத்தானுங்க." முதலாளியின் குரல் எனக்கே கேட்டது. "நல்ல நாளுன்னு வரமாட்டேன்னு எந்த ஊர்லய்யா சொல்லுவான்? ஆளையே கூப்பிடாம கதை கட்டறயா? இத்தன வருசம் எங்கிட்ட இருந்துட்டு, பொய்யாச்சும் ஒழுங்காச் சொல்லக் கூடாதா?" போன் வைக்கப்பட்டுவிட்டது. மழை என்றோ, பந்த் என்றோ சொல்லியிருந்தால் நம்பியிருப்பார்கள். உண்மையைச் சொன்னதால் கோயம்புத்தூரில் அது பொய்யாகிவிட்டது. அவர் ரிசீவரை வைத்துவிட்டு அதன்மேலிருந்து கையை எடுக்காமல் நின்றார். எனக்கு அழுகை வந்தது. அவர் அழவில்லை.

அப்போதுதான் கரண்ட் வந்தது. காலையில் யாரோ சுவிட்சைப் போட்டே வைத்திருக்க வேண்டும். காலி ஹாலில், மல்லிகைச் சரத்தோடு, கிரைண்டர் தானாக ஓட ஆரம்பித்தது. நான் ஓடிப்போய் நிறுத்தப் பார்த்தேன். ஆன்ட்டி தடுத்தார். "ஊறுன அரிசி கண்ணு, அது என்ன பண்ணுச்சு? ஆட்டீரலாம்" என்று அரிசியையும் உளுந்தையும் அள்ளிப் போட்டார். மாவு புளிக்க நேரமில்லை, அப்படியே வார்த்தார். அத்திபெலேக்காரரும், ரிசார்ட் ஆட்களும், டீசல் வாங்கப் போய் கடைசியில் வந்து சேர்ந்தவனும் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். மேனேஜர் பரிமாறினார். மாவு எவ்வளவு நைசாக இருக்கிறது என்று ஒவ்வொருவரிடமும் சொன்னார். சமையல்காரர் அதை விரலில் தேய்த்துப் பார்த்து, ரொம்ப நல்ல மிஷின் என்றார். அத்திபெலேக்காரர் இரண்டு மிஷின் அனுப்பச் சொல்லிவிட்டு பஸ்ஸுக்கு நடந்தார்.

மறுநாள் காலையில் நாங்கள் வேனில் கிரைண்டரை ஏற்றும்போது ஹாலில் ஞாயிற்றுக்கிழமை நடக்கவிருந்த ஏதோ பெயர் சூட்டு விழாவுக்குத் தோரணம் கட்டிக்கொண்டிருந்தார்கள். ஒட்டகச்சிவிங்கியின் உடைந்த கழுத்தைத் துணி சுற்றி மறைத்திருந்தார்கள். மகள் பரீட்சை எழுதும் வரை பொறுத்திருந்து கிளையை மூடினார்கள். மேனேஜர் ஸ்டோர்ஸுக்குத்தான் போனார்.

சில வருடங்கள் போயின. நான் ஓசூர் ரோட்டில் ஒரு சாப்ட்வேர் கம்பெனியில் அட்மின் பிரிவில் சேர்ந்தேன். இன்றுவரை அங்கேதான். ஊழியர்களை அழைத்துப்போக ரிசார்ட் பிடிப்பது என் வேலை. என் தலையெழுத்தைப் பாருங்கள். குளத்தில் தண்ணீர் இருக்கிறதா என்று முதலில் கேட்பேன். அந்த ஆனேக்கல் ரிசார்ட் இருந்த இடம் இப்போது வீட்டுமனைகளாகிவிட்டது. சேர்ந்த புதிதில் ஒருநாள் ஆபீசுக்கு அவரிடமிருந்து போன். "ஸ்டோர்ஸ விட்டுட்டனுங் அம்மிணி. கிரைண்டர், மிக்சி சர்வீஸ் கடை ஒண்ணு சொந்தமாப் போடறேன். நீங்க வரோணும். அமாவாசைக்கு மறுநாளு" என்றார். ஏன் சார் மறுநாள் என்று கேட்டேன். "அமாவாசைன்னா பெங்களூர்லருந்து யாரும் வரமாட்டீங்களே. பட்டது போதுமுங்" என்றார். சிக்பேட்டை டீலரையும் கூப்பிட்டிருந்தாராம். அவர் "நோடோணா" என்றாராம்.

பெங்களூரிலிருந்து போனது நான் ஒருத்திதான். கோயம்புத்தூரில் ஒரு சந்துக்குள் சின்னக் கடை. வாசலில் பிளாஸ்டிக் நாற்காலிகள், பாதிக்குமேல் காலி. வாசலில் மேஜை, பன்னீர்ச்செம்பு, கல்கண்டு, அதற்குப் பின்னால் அவர். தலை முழுக்க நரைத்திருந்தது. மகள் என்னிடம் ஆசையாகக் கன்னடத்தில் பேசினாள். பேச அங்கே ஆளில்லையாம். ஆன்ட்டி என் கையைப் பிடித்து ஓரமாக இழுத்துப்போனார். "அமாவாசை கழிஞ்ச பிரதமையில எவனாச்சும் கடை தொறப்பானான்னு சொந்தக்காரங்க ஒருத்தரும் வரலீங் கண்ணு. பெங்களூர்க்காரங்களுக்கு ஆகோணும்னு ஒரே புடிவாதம். சொன்னாக் கேட்டாத்தானே?" என்றார்.

உள்ளே சுவரில் ஒரு மாதக் காலண்டர் தொங்கியது. கறுப்பு வட்டம் சும்மா இருந்தது. அதற்கு அடுத்த கட்டத்தைச் சுற்றிச் சிவப்புப் பேனா இரண்டு முறை ஓடியிருந்தது. அந்த வட்டம் எனக்காகப் போட்டது. எனக்கு எல்லா நாளும் ஒன்றுதான், அமாவாசைக்கு வைத்திருந்தாலும் வந்திருப்பேன் சார் என்று சொல்ல வாய்வரை வந்தது. அதற்குள் அவர் என் மேல் பன்னீரைத் தெளித்துவிட்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"இன்னிக்கு உங்க ஊருக்கு நல்ல நாள்தானுங்களே அம்மிணி?"

"ரொம்ப நல்ல நாள் சார்" என்றேன்.