பூவெட்டி எழுதிய தாள்

அவளை ஊரில் எல்லாரும் பூவெட்டி என்றுதான் கூப்பிட்டார்கள். கேரட் விதைக் கம்பெனியில் அவளுக்கு வேலையே அதுதான். விதைக்காக விட்ட கேரட் வயல் பூக்கும் மாதத்தில், சுற்றிலும் ஒரு கிலோமீட்டர் நடந்து, சாலையோரமும் காலிமனையும் தேடி, தானாக முளைத்த காட்டுக் கேரட்டைப் பூ விரியும் முன்னே அறுத்துப் போட வேண்டும்; பார்த்த ஒவ்வொரு இடத்தையும் கம்பெனித் தாளில் எழுதிக் கொடுக்க வேண்டும். இரண்டின் பூவும் ஒரே மாதிரி வெள்ளைக் குடை. தேனீ அதில் உட்கார்ந்துவிட்டு இதில் வந்து உட்கார்ந்தால் போதும், காட்டுச் செடியின் மகரந்தம் வயலுக்குள் வந்துவிடும். விளைந்த விதையைப் பார்த்து, கலந்திருக்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது; விதைத்துக் கிழங்கு வந்தால்தான் தெரியும்.

கல்யாணத்துக்குப் போனாலும் அக்கா மணமக்களைப் பார்க்க மாட்டாள், வேலியோரத்தைத்தான் பார்ப்பாள் என்று தம்பி கேலி செய்வான். பதினெட்டு வருஷம் அப்படித்தான் இருந்தாள்.

போன வருஷம் அவள் கணவர் நெஞ்சுவலியோடு ஆஸ்பத்திரியில் கிடந்தார். ஒரு மணிக்குள் போனால்தான் உள்ளே விடுவார்கள். அன்றைய சுற்றில் பார்க்க மிஞ்சியது மூடிக்கிடந்த நூல் ஆலை மட்டும்தான். அதன் வாட்ச்மேனோ, "சாவி மேனேஜர்கிட்ட இருக்கும்மா, நாளைக்கு வாங்க" என்றார். கேட்டின் இடுக்கில் எட்டிப் பார்த்தாள். வெறும் சிமெண்ட் தரை. தாளில் 'செடி இல்லை' என்று எழுதிவிட்டு ஓடினாள்.

ஒன்பது நாள் கழித்துத்தான் உள்ளே போக முடிந்தது. தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒரு பாத்தி நிறைய காட்டுக் கேரட், பூத்து முடிந்து காய்பிடித்து நின்றது. எல்லாவற்றையும் அறுத்தாள். தாளைத் திருத்தவில்லை. இத்தனூண்டு பூ என்ன செய்துவிடும் என்று நினைத்தாள். அப்படி நினைக்க வேண்டியிருந்தது.

இந்த வருஷம் தம்பி குத்தகைக்கு நிலம் பிடித்து, அந்த வயலில் விளைந்த கேரட் விதையையே வாங்கி வந்தான். "அக்கா, இது உன் கை பட்ட விதைதானே? கண்ண மூடிட்டு விதைக்கலாமா?"

அப்போதாவது சொல்லியிருக்கலாம். "விதைடா" என்றாள்.

அறுவடையன்று நாலாவது பிடியில் வெள்ளைக் கிழங்கு வந்தது. "என்னக்கா, உன் கம்பெனியில முள்ளங்கியக் கலந்துட்டாங்களா?" என்று சிரித்தான் தம்பி. அடுத்த சாலிலும் வெள்ளை. ஒல்லியாய், கட்டையாய், கத்தி இறங்காத கிழங்கு. பத்துக்கு இரண்டு அப்படி. அவன் சிரிப்பு நின்றது. லாரிக்காரர் ஒரு கூடையைக் கொட்டிப் பார்த்துவிட்டு, ஏற்றாமலே போனார்.

கம்பெனி அதிகாரி வந்தார். "உங்க நிலத்துலயே காட்டுச்செடி இருந்திருக்கு. நீங்க சரியா களை எடுக்கல."

தம்பி தலையைக் குனிந்தான். "இருக்கும் சார். மண்ணு புதுசு, எனக்கும் தெரியல."

கேட்டுக்கொண்டிருந்த பூவெட்டி முன்னால் வந்தாள். "மண்ணு மேல பழி போடாதீங்க சார். நான் எழுதின தாள் பொய்" என்றாள். ஆலையையும் தொட்டியையும் சொன்னாள்.

அதிகாரி எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு, அவளுடைய அடையாள அட்டையை வாங்கிப் பையில் போட்டார். "இது தொழிலாளியோட சொந்தத் தப்பு. கம்பெனி பொறுப்பாகாது" என்று சொல்லிவிட்டு வண்டியில் ஏறினார்.

தம்பி வெள்ளைக் கிழங்குகளைத் தனியே பொறுக்கிக் குவித்தான்.

"சொல்லாமலே இருந்திருக்கலாம்க்கா" என்றான் கடைசியில். "மண்ணத் திட்டிட்டுப் போயிருப்பேன்."

அவள் குனிந்து ஒரு சாலில் கிழங்குகளைப் பிடுங்கத் தொடங்கினாள். தம்பி தன் கூடையை எடுத்துக்கொண்டு வயலின் அந்தக் கோடிக்குப் போய்விட்டான்.